பிழைப் பொருள் யாருக்குச் சொந்தம்?

மேக் கணினியில் ஓடும் ஒரு செயலி, இல்லாத கோப்பு ஒன்றைப் படிக்கச் சொல்லி இயங்குதளத்தைக் கேட்டால், 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்லோடு இயங்குதளம் நின்றுவிடுவதில்லை. எந்தக் கோப்பு, என்ன தடை, பயனரிடம் என்ன சொல்லலாம் என்ற விவரங்களை எல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டி நினைவகத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தின் முகவரியைச் செயலியிடம் கொடுக்கிறது. ஆப்பிள் இயங்குதளங்களில் இந்தப் பொட்டலத்துக்கு என்எஸ்எரர் என்று பெயர். பெயரின் முன்னால் ஒட்டியிருக்கும் 'என்எஸ்' நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற பழைய இயங்குதளத்தின் சுருக்கம். ஸ்டீவ் ஜாப்ஸ் 1985-இல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தை 1997-இல் ஆப்பிள் வாங்கியபோது, அந்த இயங்குதளத்தின் நூலகங்களும் அவற்றின் மொழியான அப்ஜெக்டிவ்-சியும் சீதனம்போலக் கூடவே வந்து சேர்ந்தன.

பொட்டலத்துக்குள் மூன்று விவரங்கள் இருக்கும். பிழை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று சொல்லும் களப்பெயர் ஒன்று. அந்தக் களத்துக்குள் பிழையின் எண். மற்ற விவரங்களை அடக்கிய ஓர் அகராதி. எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. ஆப்பிளின் கோக்கோ நூலகங்களுக்கான களத்தில் 4 என்றால் கோப்பு இல்லை. யூனிக்ஸ் வழிவந்த போசிக்ஸ் களத்தில் அதே 4, நடந்துகொண்டிருந்த வேலை இடையில் குறுக்கிடப்பட்டது என்று பொருள்படும்; மறுபடி முயன்றால் போதும். களத்தைப் பார்க்காத நிரல், இல்லாத கோப்பை விடாமல் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பிழைக்குள் இன்னொரு பிழை இருப்பதும் உண்டு. இல்லாத கோப்பைப் படிக்க முயன்றால் வெளியே கோக்கோ களத்தின் 260 தெரியும். அகராதியைத் திறந்தால் அடியில் போசிக்ஸ் களத்தின் 2 கிடக்கும்.

விண்டோஸ் இதே வேலையை 32 பிட் கொண்ட ஒரே எண்ணில் அடக்கப் பார்த்தது. பதினாறின் அடிமானத்தில் 80070002 என்று எழுதப்படும் எண்ணில், தலைப் பிட் தோல்வியைக் குறிக்கும், நடுவில் இருக்கும் 7 பிரிவைச் சொல்லும், கடைசி 2 கோப்பு இல்லை என்கிறது. வெறும் எண்ணுக்கு ஒரு வசதி உண்டு: அதை யாரும் விடுவிக்க வேண்டியதில்லை. பொருளாக வரும் பிழைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது நினைவகத்தில் இடம் பிடித்திருக்கிறது. யாரோ ஒருவர் சரியான நேரத்தில், சரியாக ஒரே ஒரு முறை, அதை விட்டுவிட வேண்டும்.

இந்தக் கணக்கு, ஆப்பிள் நூலகங்களை ரஸ்ட் மொழியிலிருந்து கூப்பிடுபவர்களைத்தான் அதிகம் சோதிக்கிறது. கிரேடன் ஹோர் 2006-இல் சொந்த முயற்சியாகத் தொடங்கி, பின்னர் மொசில்லாவின் ஆதரவோடு வளர்ந்து, 2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பைக் கண்ட மொழி ரஸ்ட். அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் உரிமையாளர். உரிமையாளரின் ஆயுள் முடியும்போது மதிப்பும் தானே விடுவிக்கப்படும். இந்த ஒழுங்கைத் தொகுப்பி, அதாவது கம்பைலர், நிரல் ஓடுவதற்கு முன்பே சரிபார்த்துவிடுகிறது. தோல்வியும் அங்கே ஒளிந்திருக்க முடியாது. தவறக்கூடிய செயல் 'ரிசல்ட்' என்ற வகையைத் திருப்பித் தரும்; அதற்குள் விடை இருக்கும், இல்லையேல் பிழை இருக்கும், இரண்டும் சேர்ந்து இருக்காது. ஆனால் அப்ஜெக்டிவ்-சியைக் கூப்பிட்ட கணமே தொகுப்பியின் பார்வை எல்லையோடு நின்றுவிடுகிறது. அக்கரையில் நடப்பதற்கு நிரலாளரே பொறுப்பு என்பதற்கு அடையாளமாக அந்த வரிகள் 'அன்சேஃப்' என்ற குறிக்குள் எழுதப்படுகின்றன.

அக்கரையின் வழக்கம் இது. அழைப்பவர், பிழையின் முகவரியை எழுதிக்கொள்ள ஒரு காலி இடத்தைக் காட்டுகிறார். செயல் தவறினால் 'பொய்' என்றோ வெற்று மதிப்பு என்றோ விடை வரும். காட்டிய இடத்தில் பிழைப் பொருளின் முகவரி எழுதப்பட்டிருக்கும். புதியவர்கள் பலரும் அந்த இடத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் தோல்வியை முடிவு செய்வார்கள். அது தவறு. செயல் வெற்றி பெற்றாலும் அந்த இடத்தில் எதையாவது எழுதிவைக்கும் உரிமை கூப்பிடப்பட்ட செயலுக்கு உண்டு. எழுதியது பொருளற்ற குப்பையாகவும் இருக்கலாம். ஆகவே தோல்வியைச் சொல்லும் ஒரே சாட்சி திரும்பி வரும் விடைதான். அப்ஜெக்டிவ்-சி அழைப்பைச் சுற்றி எழுதப்படும் நல்ல ரஸ்ட் உறை, காலி இடத்தை வெற்றுச் சுட்டியாக, அதாவது எதையும் காட்டாத முகவரியாக வைத்துத் தொடங்கும், விடையைப் பார்க்கும், விடை தோல்வி என்றால் மட்டுமே சுட்டியைத் தொடும். இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. தோல்வி என்று விடை வரும், பிழையின் இடமோ காலியாகவே இருக்கும். இப்படி நடக்கக் கூடாதுதான், நடக்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி இதற்கென்றே பொதுப் பிழை ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறது. ரஸ்டிலும் அதைத்தான் செய்ய வேண்டும். 'பிழை கட்டாயம் இருக்கும்' என்று நம்பி வெற்றுச் சுட்டியைத் திறந்தால் செயலி அங்கேயே விழும்.

இனி உரிமை. அப்ஜெக்டிவ்-சியில் ஒவ்வொரு பொருளுக்கும் அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை உண்டு. பிடிப்பவர் ஒன்று கூட்டுவார், விடுபவர் ஒன்று குறைப்பார், பூஜ்யமானால் பொருள் அழியும். பிழையைத் தரும் செயலோ தன் பிடியை உடனே விடுவதில்லை. 'பிறகு விட்டுவிடு' என்று ஒரு தற்காலிகத் தொகுப்பில் குறித்துவைக்கிறது. அந்தத் தொகுப்பு காலியாகும்போது, வேறு யாரும் பிடிக்காத பொருள்கள் எல்லாம் போய்விடும். டீக்கடைக் கண்ணாடி டம்ளர் போல என்று வைத்துக்கொள்ளலாம்: குடிக்கும் வரை கையில் இருக்கும், பிறகு கடைப் பையன் வந்து எடுத்துக்கொள்வான், வாடிக்கையாளர் கழுவ வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிளின் கோர் ஃபவுண்டேஷன் நூலகத்தில் இதே பிழை சிஎஃப்எரர் என்ற பெயரில், பார்சல் டீயாக வருகிறது. மறைக்குறிச் சாவி உருவாக்கும் செயல் தவறிப் பிழை தந்தால், அதை விடுவிக்கும் கடமை வாங்கியவருடையது.

வேடிக்கை என்னவென்றால், என்எஸ்எரரும் சிஎஃப்எரரும் வேறு வேறு அல்ல. ஒன்றின் முகவரியை மற்றொன்றின் முகவரியாக அப்படியே பயன்படுத்தலாம். பொருள் ஒன்று, அதைக் கையில் தரும் வழக்கம் இரண்டு. எந்த வாசல் வழியாக வந்தது என்பதைச் சுட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. டம்ளரைப் பார்சல் என்று எண்ணி விடுவித்தால், தொகுப்பு காலியாகும்போது அதே பொருள் இரண்டாம் முறை விடுவிக்கப்பட்டுச் செயலி விழும். தவறு செய்த வரி ஒருபுறமிருக்க, விழுவது வேறெங்கோ. பார்சலை டம்ளர் என்று எண்ணினால் நினைவகம் கசியும். ரஸ்ட் உறை இந்த வேறுபாட்டை நுழைவிலேயே தீர்த்துவிட வேண்டும். என்எஸ்எரர் வழியில் வந்ததை எண்ணிக்கை ஒன்று கூட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிஎஃப்எரர் வழியில் வந்ததைக் கூட்டாமல் அப்படியே தனதாக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு இரண்டும் ஒரே வகையான உரிமைச் சுட்டிதான், ஆயுள் முடிந்ததும் ரஸ்ட் தானே ஒன்று குறைத்துவிடும். ஆப்ஜெக்ட்சி2 என்ற திறமூல ரஸ்ட் நூலகம் என்எஸ்எரரை இப்படித்தான் கையாள்கிறது: பயன்படுத்துபவர் கைக்கு வருவது, உரிமையுள்ள பிழைச் சுட்டியைக் கொண்ட 'ரிசல்ட்' மட்டுமே.

தற்காலிகத் தொகுப்பையும் மறந்துவிடக் கூடாது. திரைச் சாளரங்கள் கொண்ட செயலிகளில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் பின் அது தானாகக் காலியாகும். பின்னணியில் ஓயாமல் ஓடும் ரஸ்ட் நிரலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. தொகுப்பை நிரலே திறந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இழை, அதாவது த்ரெட், முடியும்வரை பழைய பிழைகள் குவிந்துகொண்டே போகும். அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: தொகுப்புக்கு உள்ளே கிடைத்த பிழையை, பிடித்துக்கொள்ளாமல், தொகுப்பு மூடிய பிறகு வாசிப்பது. அப்ஜெக்டிவ்-சியில் இது பழைய வழு. ரஸ்டில் தொகுப்புக்கே ஓர் ஆயுள் குறித்து, உள்ளே பெற்ற இரவல் வெளியே போகாதபடி தொகுப்பியைக் கொண்டே தடுக்க முடிகிறது. இந்த இடத்தில் ரஸ்ட் தன் கூலியைச் சம்பாதித்துவிடுகிறது.

இழைகளுக்கு இடையே பிழையை அனுப்புவது இன்னும் நுட்பமான கேள்வி. என்எஸ்எரர் உருவான பின் மாறாது என்பதால் எந்த இழையிலிருந்தும் படிக்கலாம் போலத் தோன்றும். அகராதிக்குள்ளோ எதுவும் இருக்கலாம். பிழையைச் சரிசெய்ய முயலும் உயிருள்ள பொருளையே உள்ளே வைக்கும் வழக்கமும் கோக்கோவில் உண்டு. அது வேறு இழையில் தொடத்தக்கதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலான நிரல்களுக்கு நல்ல வழி, எல்லையிலேயே களப்பெயர், எண், விளக்கம் மூன்றையும் ரஸ்டின் சொந்த மதிப்புகளாகப் படியெடுத்து, அந்தப் படியை மட்டும் மற்ற இழைகளுக்கு அனுப்புவது. உள்ளிருக்கும் அடிப்பிழையும் வேண்டுமென்றால் அதையும் அப்போதே படியெடுக்க வேண்டும்.

விளக்க வாசகம் பயனரின் மொழிக்கு ஏற்ப மாறக்கூடியது. அதைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு முடிவெடுக்கும் நிரல், மொழி மாறிய கணினியில் தோற்கும். பதிவேட்டில் எழுதுமுன்னும் கவனம் தேவை: அகராதியில் கோப்பின் முழுப் பாதையும், தோற்ற இணைய முகவரியும் இருக்கலாம், அந்த முகவரியில் பயனரின் ரகசியச் சாவி ஒட்டியிருப்பது அபூர்வமல்ல.

என்எஸ்எரரோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது என்எஸ்எக்ஸெப்ஷன். பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்பது போன்ற நிரலாளர் தவறுக்கு, அது அழைப்புகளின் அடுக்கைக் குலைத்துக்கொண்டு மேலே பாயும். சாதாரண சி மொழி அழைப்பு முறையில் அறிவித்த எல்லையைத் தாண்டி அது ரஸ்டுக்குள் வந்தால் விளைவுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. குலைவு கடந்து போக இடமளிக்கும் தனி அழைப்பு முறை 2023-இல் ரஸ்ட் 1.71 பதிப்பில் நிலைபெற்றது. அப்போதும் அதை அப்ஜெக்டிவ்-சியின் சொந்தக் கருவியால் எல்லையிலேயே பிடித்துச் சாதாரணப் பிழையாக்கித் தருவதே பாதுகாப்பு.

இந்தத் தவறுகளில் எதையும் நல்ல நாளில் ஓடும் நிரல் காட்டிக்கொடுக்காது. தோல்விப் பாதைதான் மிகக் குறைவாகச் சோதிக்கப்படும் பாதை. ஆகவே உறையை எழுதியவர்கள் இல்லாத கோப்பை வேண்டுமென்றே ஒரு லட்சம் முறை திறக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் தொகுப்பைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். நினைவகம் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒரு பிடி விடப்படவில்லை. ஆப்பிள் கருவிகளில் 'ஸோம்பி' என்ற சோதனை முறையை இயக்கினால், அழிய வேண்டிய பொருள்கள் பேய்களாக நின்றுகொண்டு, தங்களை யாராவது மறுபடி தொட்டால் உடனே பெயர் சொல்லிக் கூவும்.