சிம்லாவில் எத்தனை மாடி கட்டலாம்? யார் முடிவு செய்வது?

2017 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், சிம்லாவின் மையப் பகுதியிலும் பசுமைப் பகுதிகளிலும் புதுக் கட்டடங்களுக்குத் தடை போட்டது. மற்ற இடங்களில் உயரத்துக்கு வரம்பு வைத்தது.

2022-ல் இமாச்சல் அரசு வெளியிட்ட 'சிம்லா டெவலப்மென்ட் பிளான் 2041' வரைவு, தடை இருந்த இடங்களிலும் நிபந்தனைகளோடு கட்ட வழிவிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

2023 ஆகஸ்ட் மழையில் சிம்லாவின் சம்மர்ஹில் பகுதி மண்சரிவு பல உயிர்களைப் பறித்தது. மலை நகரத்தில் இது வெறும் பேப்பர் சண்டை இல்லை.

2024 ஜனவரியில் தீர்ப்பு: பிளான் போடுவது சட்டம் இயற்றுவதைப் போன்ற வேலை. அதை எப்படிப் போட வேண்டும் என்று தீர்ப்பாயம் அரசுக்கு உத்தரவிட முடியாது.

சரி, இதுல உங்களுக்கு என்ன?

பிளான் முதலில் வரைவாகத்தான் வரும். ஆட்சேபம் சொல்ல இமாச்சலில் 30 நாள். உங்கள் மாநிலத்தில் எத்தனை நாள் என்று பாருங்கள். வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கு? குடியிருப்பா, விவசாயமா, பசுமைப் பகுதியா? தப்பாக இருந்தால், கெடு முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பினால் அது கணக்கில் வராது.