இருவர் செய்த அகராதி

இருவர் கூடி நூல் செய்தல் தமிழருக்குப் புதுமையன்று. கண்ணிழந்தவரும் கால் முடவருமான இரட்டைப் புலவர், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்து ஊரூராய்ச் சென்றனர் என்னும் செய்தி யாவரும் அறிந்ததே. ஆனால் வெண்பா ஒரு மூச்சில் முடிவது. ஆண்டுக்கணக்கில் எழுதவேண்டிய பெருநூல் ஒன்றை இரு நண்பர் களைத்துப்போகாமல் எங்ஙனம் நடத்திச் செல்வது? இதற்குத் தக்க சான்று, தமிழ்ச் சொல்லாராய்ச்சியாளர் கையில் என்றும் இருக்கும் 'திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி' ஆகும்.

இதனை ஆக்கியோர் தாமஸ் பரோ, மரே எமனோ என்னும் இருவர். ஆங்கிலேயரான பரோ 1944 முதல் 1976 வரை ஆக்ஸ்போர்டில் வடமொழிப் பேராசிரியர். 1904-இல் கனடாவில் பிறந்த எமனோ, அமெரிக்காவின் மேற்குக் கோடியில், பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இருவருக்குமிடையே அட்லாண்டிக் பெருங்கடலும் ஒரு கண்டத்தின் முழு அகலமும் கிடந்தன. நாள்தோறும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

இருவரும் வடமொழிப் புலமையினின்று திராவிட மொழிகளுக்கு வந்தவர். ஆயினும் அவர் கொணர்ந்த பொருள் வேறு வேறு. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரித் தோடர், கோத்தர் மொழிகளையும், குடகு மொழியையும், நடு இந்தியாவின் கொலாமியையும் பேசுவோர் வாயிலிருந்தே கேட்டு எழுதினார். பரோ, சுதிபூஷண் பட்டாச்சார்யா என்னும் இந்திய அறிஞருடன் சென்று பர்ஜி, பெங்கோ முதலிய மொழிகளைத் திரட்டினார். (இதுவும் ஓர் இருவர் கூட்டே: பர்ஜி நூல் 1953-லும், பெங்கோ நூல் 1970-லும் வெளிவந்தன.) இலக்கிய மொழிகளுக்கோ குண்டர்ட்டின் மலையாள அகராதியும், கிட்டலின் கன்னட அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் முன்னரே இருந்தன. எனவே ஒருவர் உழுத நிலத்தை மற்றவர் மீண்டும் உழ நேரவில்லை. கூட்டு நூலுக்கு இதனினும் நல்ல கால்கோள் வேறில்லை.

அகராதியின் அமைப்பு எளியது. ஒரே மூலத்தினின்று பிறந்தனவாகத் தோன்றும் சொற்கள் ஓர் எண்ணின்கீழ் அடுக்கப்படும். வரிசை தமிழ் நெடுங்கணக்கைத் தழுவியது. 'கண்' என்னும் சொல்லைக் காண்க. அது தெலுங்கில் 'கன்னு' ஆகிறது. தோட மொழியில் 'கொண்' ஆகிறது. வடக்கே குருக்கிலும், பலூசிஸ்தானத்துப் பிராகுவியிலும் முதலெழுத்துத் தொண்டையில் உரசி ஒலிக்கிறது. இவற்றையெல்லாம் ஈன்ற பழந்திராவிட வடிவம் யாது? அதனை ஆசிரியர் எழுதவில்லை. சிறு மொழிகள் பலவற்றின் ஒலி வரலாறு அன்று தெளிவுபெறாத நிலையில், மூலவடிவங்களை ஊகித்து எழுதப் புகுந்திருந்தால், ஒவ்வொரு பதிவும் இரு அறிஞரிடையே ஒரு வழக்காக முடிந்திருக்கக்கூடும், நூலும் அச்சேறியிராது. எதை எழுதுவதென்பதில் உடன்படுதல் எளிது. எதை விடுவதென்பதில் உடன்படுதலே அரிது.

நடையும் நிதானமானது. இவ்வகராதி ஒன்றே அவர்தம் வாழ்வை விழுங்கவில்லை. 1953-இல் எமனோ பெர்க்லியில் மொழியியல் துறையை நிறுவினார். 1955-இல் அவரது கொலாமி நூலும், பரோவின் வடமொழி வரலாற்று நூலும் வெளிவந்தன. அகராதி 1961-இல் ஆக்ஸ்போர்டில் அச்சாயிற்று. பதிவுகள் 4500-க்கு மேற்பட்டன. நிறைவு வரட்டும் எனக் காத்திராமல் கிடைத்தவரையில் வெளியிட்டு, 1968-இல் ஒரு பிற்சேர்க்கையும் 1972-இல் குறிப்புகளும் தந்தனர். 1984-இல், இருவரும் பணி ஓய்வு பெற்றபின், 5500-க்கு மேற்பட்ட பதிவுகளுடன் இரண்டாம் பதிப்பு வந்தது.

மெல்ல நடப்பதில் அச்சம் இல்லாமலில்லை. சில மொழிகளைப் பேசுவோர் மிகச் சிலர். முதியோர் மறையச் சொற்களும் உடன் மறையும். ஆசிரியருக்கும் ஆயுள் ஓர் எல்லையே. இரண்டாம் பதிப்பு வந்தபோது பரோவுக்கு அகவை 75, எமனோவுக்கு 80. இரண்டே ஆண்டில், 1986-இல், பரோ மறைந்தார். எமனோ 101 அகவை வாழ்ந்து 2005-இல் காலமானார்.

அவ்விரண்டாம் பதிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று எவரும் புரட்டலாம். பதிவுகளின் ஈற்றில் முதற்பதிப்பின் எண்ணும், அதனருகே சிற்சில எழுத்துக்குறிகளும் காணப்படும். பிற்சேர்க்கையிலோ குறிப்புகளிலோ அப்பதிவு திருத்தம் பெற்றதென்பதே அக்குறிகளின் பொருள்.