வாங்குவோர் கடமையும் சர்க்கார் கடமையும்

அநீதியில் விளைந்த சரக்கை ஒழிக்க வேண்டியவர் யார்? வாங்கும் ஜனங்களே என்று சர்க்கார் கூறும். சட்டம் வரட்டும் என்று ஜனங்கள் கூறுவர். இரு வாதங்களுக்கும் பிரிட்டன் சரித்திரம் தக்க பதிலளிக்கிறது.

1791-இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் மசோதாவைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நிராகரித்தது. உடனே, அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைப் பல்லாயிரம் குடும்பங்கள் பகிஷ்கரித்தன. வோட்டுரிமையற்ற ஸ்திரீகள் இதில் முன்னின்றனர். எனினும், பகிஷ்காரம் மட்டும் விலங்கை அறுத்துவிடவில்லை. 1807-இல் அடிமை வியாபாரத்தையும், 1833-இல் அடிமை முறையையும் தடுத்தது சட்டமே. கம்பெனியார் ஆண்ட இந்தியாவை அச்சட்டம் விலக்கி வைத்தபடியால், இங்கே 1843 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்றும் ஒரு துணி எவருடைய நிர்ப்பந்த உழைப்பில் நெய்யப்பட்டதென்று அதை வாங்கும் ஏழை ஆராய்ந்தறிய இயலாது. சர்க்காருக்கு அது இயலும். ஆகவே, வாங்குவோர் மீது பழி சுமத்தி அதிகாரிகள் விலகிக்கொள்வது தகாது. சட்டம் வரும் வரையில் தெரிந்தே வாங்குவோம் என்பதும் அறமன்று. பகிஷ்காரம் சட்டத்திற்கு வழி திறக்குமேயன்றி, அதன் ஸ்தானத்தை வகிக்காது என்பதே நமது அபிப்பிராயம். கடையில் மறுப்பதோடு நில்லாமல், சட்டசபையிலும் நம்மவர் நியாயம் கேட்பார்களாக!