மயிலாப்பூரைச் சிதைக்காமல் பிரிப்பது எப்படி?

'மயிலாப்பூர், சென்னை, 600004' என்று ஒரே பத்தியில் கிடக்கும் முகவரியைப் பகுதி, ஊர், அஞ்சல் குறியீடு என மூன்றாகப் பிரிக்க வேண்டும். தரவுப் பகுப்பாய்வில் இது அன்றாட வேலை. பைத்தான் நிரலில் பலரும் பிடிக்கும் குறுக்குவழி, 'எழுத்தாக இருப்பதை மட்டும் சேர்த்து எடு' என்று கேட்பது. ஆங்கில முகவரிக்கு அது போதும். தமிழில் கேட்டால் மயிலாப்பூர் 'மய', 'ல', 'ப', 'ப', 'ர' என்று ஐந்து துண்டுகளாகிவிடும்.

காரணம் யூனிகோடின் அமைப்பு. நம் கணக்கில் மயிலாப்பூர் ஆறு எழுத்து. கணினிக்கோ 11 குறிகள். 'லா' என்பது அதற்கு 'ல'வும் துணைக்காலும். 'ப்' என்பது 'ப'வும் புள்ளியும். பைத்தானோடு வரும் வழக்கமான தேடல் தொகுப்பு, காலையும் கொம்பையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும்; ஆக 33 பைட். பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தே பாதியில் அறுபடும்.

ஒரே எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம் என்பது இன்னொரு தொல்லை. ரோமன் எழுத்திலும் அது உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ழகரத்தை அடிக்கோடிட்ட 'எல்' எழுத்தால் குறித்தது. அந்த எழுத்தைக் கணினியில் ஒரே குறியாகவும் வைக்கலாம். எல், கோடு என இரண்டாகவும் வைக்கலாம். கோட்டூர்புரத்தின் 'கோ'வும் அப்படியே: ஓகாரக் குறி ஒன்றாகவும் வரும், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வரும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பகுதிவாரியாக எண்ணும்போது மட்டும் பட்டியலில் இரண்டு கோட்டூர்புரங்கள் நிற்கும்.

தீர்வு எளிது. கோப்பை யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறங்கள். என்எஃப்சி முறையில் எல்லாச் சொற்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எழுத்தைத் தேடாமல், காற்புள்ளியைத் தேடிப் பிரியுங்கள். முற்றுப்புள்ளியை நம்பினால் தி.நகர் இரண்டாகிவிடும். எழுத்தெழுத்தாகப் பிரித்தே ஆகவேண்டும் என்றால் 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பு இருக்கிறது. அது மயிலாப்பூரை ஆறு எழுத்தாகவே எண்ணும்.

ஆயிரக்கணக்கான வரிகளை ஓட்டுமுன் மயிலாப்பூர், கோட்டூர்புரம், தி.நகர் மூன்றையும் கொடுத்துச் சோதியுங்கள். மூன்றும் முழுசாக வெளியே வந்தால் நிரலை நம்பலாம்.