பதில் வரலன்னா வேலை நடக்கலன்னு அர்த்தமா?

இந்த எபிசோடு கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா கதை ஆரம்பிக்கிறது ஒரு பூ கமிஷன் கடையில.

புதுக்கோட்டை மாவட்டத்துல ஆலங்குடிக்குப் பக்கத்துல கீரமங்கலம்னு ஒரு ஊர். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கின்னு சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்து காலையிலேயே பூ வந்து இறங்கும். கடையில எடை போட்டு, கொண்டு வந்தவங்க பேருக்கு நேரா கிலோ எழுதுவாங்க. நான் சொல்லப்போற கடையில வாரக் கணக்கு. நோட்டுல எழுதுற அந்தக் கணக்கை போன்ல எழுதட்டும்னு நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செஞ்சு கொடுத்தோம். எனக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். அதனால கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு.

ஒருநாள் கடைக்காரர் போன் பண்ணினார். "தம்பி, ஒரு அம்மாவுக்கு 3 கிலோ 400 ரெண்டு தடவை ஏறியிருக்கு. காசையும் கொடுத்துட்டேன். இப்ப திருப்பிக் கேக்க வேண்டியதாப் போச்சு"ன்னார். அந்த அம்மா காசை எண்ணி வச்சுட்டு, "நானா பொய்க்கணக்கு எழுதச் சொன்னேன்?"னு கேட்டுட்டுப் போயிட்டாங்களாம். அடுத்த நாள்ல இருந்து அவங்க பூ வேற கடைக்குப் போச்சு.

அவங்க எழுதச் சொல்லல. எழுதினது என் கோடு. எப்படின்னு பாப்போம்.

பஸ்ல ஏத்திவிட்ட மூட்டை

ஏசிங்க் ரிக்வெஸ்ட்டுன்னா என்ன? பூ மூட்டையை பஸ்ல ஏத்திவிடுறோம். அந்தப் பக்கம் எடுத்தவர் "வந்துருச்சு"ன்னு போன் பண்ணுவார். அதுவரைக்கும் நாம பஸ் பின்னாடியே ஓடிட்டு இருக்கிறதில்ல. அடுத்த மூட்டையைக் கட்டப் போயிடுவோம். ஆண்ட்ராய்டுல நிறைய பேர் பயன்படுத்துற ஓகேஎச்டிடிபி லைப்ரரியில 'என்க்யூ' கூப்பிட்டாலும் சரி, ஜாவா 11ல வந்த எச்டிடிபி கிளையன்ட்ல 'சென்ட்ஏசிங்க்' கூப்பிட்டாலும் சரி, விஷயம் இதுதான். நாம எழுதுற ஒரு வரி எந்த எச்டிடிபி வெர்ஷன்லயும் மாறாது. ஆனா அந்த வரிக்குக் கீழ ஓடுற பஸ் வேற வேற.

எச்டிடிபி 1.1, 1997ல வந்தது. ஒரு பஸ்ல ஒரு நேரத்துக்கு ஒரு மூட்டைதான். அதுக்கு ரசீது திரும்பி வந்த பிறகுதான் அடுத்தது. அதனால வேகம் வேணும்னா பஸ்ஸைக் கூட்டணும். பிரவுசர்கள் ஒரு சர்வருக்கு 6 கனெக்ஷன் வரைக்கும் திறக்கிறது இதுக்குத்தான். ஓகேஎச்டிடிபியும் ஏசிங்க் ரிக்வெஸ்ட்டை ஒரு சர்வருக்கு ஒரே நேரத்துல 5க்கு மேல விடாது. மாத்தலாம், ஆனா டிஃபால்ட் அதுதான்.

எச்டிடிபி 2, 2015ல வந்தது. கூகுளோட ஸ்பீடில இருந்து பிறந்தது. இங்க ஒரே பஸ். எல்லார் மூட்டையையும் சின்னச் சின்ன பொட்டலமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணு மேலயும் நம்பர் ஒட்டி, கலந்து ஏத்திடுவாங்க. அந்த நம்பர்தான் ஸ்ட்ரீம் ஐடி. அந்தப் பக்கம் நம்பரைப் பாத்துச் சேத்துக்குவாங்க. ஒரே கனெக்ஷன்ல நூறு ரிக்வெஸ்ட் கூட ஒண்ணா ஓடும். ஆனா கீழ இருக்கிற ரோடு இன்னும் டிசிபிதான். டிசிபிக்கு வரிசை முக்கியம். வழியில ஒரு பொட்டலம் விழுந்துட்டா, அது திரும்ப வர்ற வரைக்கும் பின்னாடி வந்து சேர்ந்த மத்த பொட்டலங்களையும் கையில கொடுக்காது. என் ரசீது தொலைஞ்சா உங்க ரசீதும் நிக்கும்.

எச்டிடிபி 3, 2022 ஜூன்ல ஆர்எஃப்சி 9114 ஆ வந்துச்சு. இதுல டிசிபி கிடையாது. யுடிபி மேல ஓடுற க்விக். ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் தனி வரிசைங்கறதால, ஒருத்தர் பொட்டலம் விழுந்தா அவருக்கு மட்டும்தான் தாமதம். கனெக்ஷனுக்குன்னு ஒரு ஐடியும் இருக்கு. அதனால போன் வைஃபையில இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் கனெக்ஷனைத் தொடர முடியும்.

எந்த பஸ்ஸுன்னு யார் முடிவு பண்றது? நாம இல்ல. டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் நடக்கும்போது "எனக்கு 2 தெரியும், 1.1 தெரியும்"னு கிளையன்ட் சொல்லும், சர்வர் ஒண்ணை எடுக்கும். இதுக்குப் பேரு ஏஎல்பிஎன். 3க்கு வழி வேற. "என்கிட்ட எச்டிடிபி 3யும் இருக்கு"ன்னு சர்வர் ஆல்ட்-சர்வீஸ் ஹெடர்ல சொல்லும், தெரிஞ்ச கிளையன்ட் அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகும். அப்படின்னா சர்வர்ல யாரோ ஒரு செட்டிங்கை மாத்தினா, உங்க ஆப்ல ஒரு வரி கூட மாறாம பஸ் மாறிடும்.

எங்க கடையில நடந்தது

அந்தக் கடைக்குள்ள சிக்னல் போய்ப் போய் வரும். சிக்னல் இல்லாதப்ப எழுதின என்ட்ரியெல்லாம் போன்லயே சேர்ந்திருக்கும். வந்ததும் எல்லாம் ஒரே மூச்சுல கிளம்பும். பதில் வரலன்னா திரும்ப அனுப்புன்னு நான் ஒரு ரீட்ரை எழுதி வச்சிருந்தேன். முதல்ல நாங்க 1.1ல இருந்தோம். எப்பவாவது ஒரு என்ட்ரி ரெண்டாகும். கை தவறி ரெண்டு தடவை அமுக்கிட்டாங்கன்னு நினைச்சு அழிச்சுடுவோம்.

பிறகு சர்வரை எச்டிடிபி 2க்கு மாத்தினோம். "ஒரே கனெக்ஷன்ல எத்தனை வேணா போகுமே, 5 எதுக்கு?"ன்னு அந்த லிமிட்டை 20 ஆக்கினதும் நான்தான். டெஸ்ட் பண்ணினது சென்னையில, ஆபீஸ் வைஃபையில. பறந்துச்சு.

கீரமங்கலத்துல என்ன ஆச்சுன்னா, 20 என்ட்ரியும் சர்வருக்குப் போயிடுச்சு. சர்வர் எழுதியும் முடிச்சுடுச்சு. பதில் திரும்பி வர்ற நேரத்துல சிக்னல் தூங்கிடுச்சு. முன்னாடி வர வேண்டிய ஒரு பாக்கெட் தொலைஞ்சதால மத்த பதிலும் வரிசையில நின்னுச்சு. ரீட் டைம்அவுட் டிஃபால்ட் 10 விநாடி. அது முடிஞ்சதும் என் கோடு 20ஐயும் "தோத்துப்போச்சு"ன்னு முடிவு பண்ணி, 20ஐயும் மறுபடி ஏத்திவிட்டுச்சு. முன்னாடி ஒண்ணு ரெண்டா ஒளிஞ்சிருந்த தப்பு இப்ப கொத்தா வெளிய வந்துச்சு. அதுல ஒண்ணுதான் அந்த 3 கிலோ 400.

தப்பு லைப்ரரிமேல இல்ல. எச்டிடிபி 2 மேலயும் இல்ல. அந்தப் பக்கம் இருந்து போன் வரலன்னா மூட்டை போய்ச் சேரலன்னு நான் முடிவு பண்ணினதுதான் தப்பு. மூட்டையை எடுத்தவர் போன்ல சார்ஜ் இல்லாமலும் இருக்கலாமே!

என்ன மாத்தினோம்

முதல் மாத்தம்: ஒவ்வொரு என்ட்ரிக்கும் போன்லயே ஒரு தனி ஐடி. எடை போட்டு சேவ் அமுக்கின அந்த நொடியில அது பிறக்கும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே ஐடிதான் போகும். டேட்டாபேஸ்ல அதுக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கு. ரெண்டாவது தடவை வந்தா சர்வர் புதுசா எழுதாம பழைய பதிலையே கொடுக்கும்.

ரெண்டாவது: எல்லாத் தோல்வியும் ஒண்ணு இல்லன்னு பிரிச்சோம். கெட், புட், டெலீட்டை ரெண்டு தடவை அனுப்பினாலும் விளைவு ஒண்ணுதான்னு எச்டிடிபி விதி சொல்லுது. போஸ்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எச்டிடிபி 2ல சர்வரே "இந்த ஸ்ட்ரீமை நான் தொடவே இல்ல"ன்னு சொல்ல வழி இருக்கு. 'ரெஃப்யூஸ்ட் ஸ்ட்ரீம்'னு ஒரு எரர் கோடு இருக்கு. கனெக்ஷனை மூடும்போது வர்ற 'கோஅவே' ஃப்ரேம்ல கடைசியா எடுத்துக்கிட்ட ஸ்ட்ரீம் நம்பர் இருக்கும், அதுக்கு மேல உள்ளதை தைரியமாத் திரும்ப அனுப்பலாம். டைம்அவுட்ல அந்த மாதிரி எந்தச் சேதியும் இல்ல.

கேன்சலும் இப்படித்தான். 1.1ல பாதியில கேன்சல் பண்ணினா கனெக்ஷனையே மூடணும். 2லயும் 3லயும் அந்த ஒரு ஸ்ட்ரீமை மட்டும் நிறுத்தலாம். ஆனா எதுலயும் கேன்சல்னா "பதில் எனக்கு வேணாம்"னு மட்டும்தான் அர்த்தம். சர்வர் எழுதினதை அது அழிக்காது.

மூணாவது: ஒவ்வொரு ரெஸ்பான்ஸும் எந்த வெர்ஷன்ல வந்துச்சுன்னு லாக்ல எழுதுறோம். ஓகேஎச்டிடிபியில 'ரெஸ்பான்ஸ் டாட் புரோட்டோகால்'னு கேட்டா சொல்லிடும். ஒரு வரிதான். முன்னாடியே எழுதியிருந்தா, தப்பு எந்த நாள்ல இருந்து கொத்தா வருதுன்னு உடனே தெரிஞ்சிருக்கும்.

"அப்ப எச்டிடிபி 3க்குப் போயிட்டா பிரச்சினை முடிஞ்சுதா?"ன்னு கேப்பீங்க. வரிசையில நிக்கிற பிரச்சினை குறையும். ஆனா க்விக்ல ஜீரோ ஆர்டிடின்னு ஒண்ணு இருக்கு. பழைய சர்வர்னா ஹேண்ட்ஷேக் முடியுறதுக்கு முன்னாடியே டேட்டாவை அனுப்பிடலாம். அப்படிப் போறதை நடுவுல யாராவது பிடிச்சுத் திரும்ப அனுப்ப முடியும். அதனாலதான் அதுல போஸ்ட் மாதிரி ரிக்வெஸ்ட்டை அனுப்பக்கூடாது. சர்வர் சந்தேகப்பட்டா "டூ எர்லி"ன்னு 425 கொடுக்கலாம். வேகமான பஸ் வந்தாலும் ஒரே மூட்டை ரெண்டா வர்ற கேள்வி கூடவே வருது. அதுக்குப் பதில் பஸ்ல இல்ல. மூட்டை மேல நாம ஒட்டுற பேர்லதான் இருக்கு.

ஊருக்குப் போனப்ப கடைக்காரர்கிட்ட நேர்ல சொன்னேன்: "அண்ணே, தப்பு என் ஆப்போடது. அந்த அம்மாகிட்ட நானே சொல்றேன்." கூட்டிட்டுப் போனார். நான் சொன்னதுல அவங்களுக்கு எவ்வளவு புரிஞ்சுதுன்னு தெரியல. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அப்ப நான் எழுதச் சொல்லலைன்னு அந்த மெசினுக்குத் தெரியுமா?"

இப்ப தெரியும்மா. இப்பத்தான் தெரியும்.

உங்க ஆப்ல ரீட்ரை இருந்தா, இன்னைக்கு அதை ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.