நரையும் இடைநிலைச் சாயமும்

அம்பர்நாத்திலிருந்து காலை மின்சார ரயிலில் மும்பைக்கு அலுவல் பார்க்கச் செல்லும் நம்மவருள் நடுவயதைக் கடந்தோர் பலர். அவர்கள் தலையை உற்று நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். தலை முழுவதும் மை தீட்டினாற்போல் கறுத்திருக்கும். வகிட்டில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சாயமிட்டு மூன்று வாரமாயிற்று என்பதை அக்கோடு எல்லோருக்கும் அறிவித்துவிடும். நரையைக் காட்டிலும் அக்கோடே வயதைப் பறைசாற்றுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கோடு விழாமல் நரையை மட்டுப்படுத்த வழியுண்டா? உண்டு. ‘டெமி-பர்மனென்ட்’ என்ற பெயரால் ஒருவகைச் சாயம் கிடைக்கிறது. ‘அரை நிரந்தரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். ஆதலின் இடைநிலைச் சாயம் என்றே குறிப்பிடுவோம்.

நரை என்பது யாது? மயிரின் வேரிலுள்ள சில உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்குகின்றன. வயது ஏற ஏற அவை ஓய்ந்துபோகவே, நிறமற்ற மயிர் முளைக்கிறது. கறுப்பும் வெளுப்புமான இழைகள் கலந்து நிற்பதையே பெரும்பாலும் நம் கண் சாம்பல் நிறமாகக் காண்கிறது. வெள்ளையிழையைச் சற்றே மங்கச் செய்தால் போதும். கறுப்பிழையைத் தொட வேண்டியதில்லை.

நிரந்தரச் சாயம் இவ்வாறு செய்வதில்லை. அதிலுள்ள அம்மோனியா மயிரின் செதில் உறையை விரியச் செய்கிறது. நூற்றுக்கு 6 பங்கு அளவில் சேரும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உள்ளிருக்கும் இயற்கை நிறத்தை வெளுக்கச் செய்து, சாயத்தையும் அங்கேயே விளைவிக்கிறது. எல்லா இழையும் ஒரே நிறமாகிவிடும். இடைநிலைச் சாயத்திலோ பெராக்ஸைடு ஏறத்தாழ அதிற் பாதியே. அம்மோனியாவுக்குப் பதில் பெரும்பாலும் வேறொரு மென்மையான காரம் இருக்கும். இயற்கைக் கறுப்பு பெரிதும் அப்படியே நிற்க, வெள்ளையிழையில் ஒரு மெல்லிய சாயல் ஏறும். 20 அல்லது 25 முறை தலை குளிப்பதற்குள் அது சிறிது சிறிதாக அகன்றுவிடும். வேரில் கோடும் திடீரெனத் தெரியாது. கருங்கறுப்பைத் தவிர்த்து அடர்ந்த பழுப்பைத் தெரிந்துகொள்வது நலம். பாதிக்கு மேல் நரைத்தவர்க்கு இது நரையை மறைக்காது, மென்மையாக்கும், அவ்வளவே.

இனி, இதனினும் முக்கியமான செய்தி. ‘அம்மோனியா இல்லை’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு தீங்கே இல்லை என எண்ணிவிடலாகாது. ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஹாஃப்மன் 1863-இல் விவரித்த பாரா-ஃபெனிலீன்டையமின் என்னும் பொருளோ, அதன் உறவான மற்றொன்றோ இடைநிலைச் சாயங்களிலும் பெரும்பாலும் உண்டு. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ‘கறுப்பு மருதாணி’ என விற்கும் பொடிகள் பலவற்றிலும் இதுவே கலந்திருக்கிறது. வெறும் மருதாணி நரையைச் செம்மையாக்குமேயன்றிக் கறுப்பாக்காது என்பது நம் பாட்டிமார் அறிந்ததே.

என் தமக்கையார் ஒரு திருமணத்தின் பொருட்டு ஊருக்குப் புறப்படும் முன்தினம் சாயமிட்டுக்கொண்டார். கல்யாணில் ரயிலேறும்போது காதோரம் அரிப்பு. குண்டக்கல் வருவதற்குள் கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொண்டன. சென்னையில் இறங்கியதும் திருமண வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்குத்தான் போனோம். எச்சரிக்கைத் தாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மராத்தியிலும் இருந்தது. அவருக்குத் தமிழ் ஒன்றே படிக்கத் தெரியும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.

இத்தகைய சாயங்களின் மேல் ஆங்கிலத்திலும் வட்டார மொழிகளிலும் எச்சரிக்கை இருக்கவேண்டும் என்று நம் நாட்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. மராட்டிய மாநிலத்தில் வட்டார மொழி தமிழன்று. ஆகவே அதன் சாரத்தை இங்கே தருகிறேன். காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிதளவு தோலைக் கழுவித் துடைத்து, உபயோகத்திற்கெனக் கலந்த சாயத்தில் சிறிது தடவி உலரவிடுக. 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்கவேண்டும். ஒவ்வாமை தாமதித்தும் தோன்றுமாதலால் 48 மணி நேரம் பொறுத்திருப்பது மேல். சிவப்போ அரிப்போ தடிப்போ தோன்றினால் அச்சாயத்தைத் தொடலாகாது. சென்ற முறை ஒன்றும் செய்யவில்லையே என்று சோதனையைக் கைவிடவும் கூடாது. பல ஆண்டு உபயோகித்தபின் திடீரென ஒவ்வாமல் போவதுண்டு. புருவத்திற்கும் இமைக்கும் ஒருபோதும் இடலாகாது, பார்வையே போகக்கூடும்.

சாயமிட்டபின் எரிச்சல் கண்டால் உடனே நிறைய நீர்விட்டு அலசுக. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் செல்க. என்ன பொருள் என்று அவர் அறிய, சாயப் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்க.