உதடு அசைந்த குற்றம்
ஹான் பேரரசர் வூவின் அவை குறித்துச் சில குறிப்புகள்

1

கி.மு. 117இல் சீனத்தில் ஓர் அமைச்சர் கொல்லப்பட்டார். பெயர் யென் யீ. பேரரசின் தானியக் களஞ்சியத்தையும் கருவூலத்தையும் கவனித்துவந்தவர். சிறிய ஊர் அதிகாரியாக இருந்து, நேர்மையானவர் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மேலே வந்தவர். அவர் மீது சாட்டப்பட்ட குற்றத்தை இரண்டே சீன எழுத்துகளில் எழுதிவிடலாம். முதல் எழுத்துக்கு வயிறு என்று பொருள். இரண்டாவதற்குப் பழித்தல். 'வயிற்று நிந்தனை' என்று தமிழில் வைத்துக்கொள்கிறேன். மனசுக்குள் திட்டினான் என்று நாம் சொல்வதைச் சீனர்கள் வயிற்றுக்குள் திட்டினான் என்கிறார்கள். வயிற்றெரிச்சல் என்ற சொல்லை வைத்திருக்கிற நமக்கு இது புரியாமல் போகாது.

நடந்தது இதுதான். யென் யீயோடு பேசிக்கொண்டிருந்த விருந்தாளி ஒருவர், புதிதாக வந்த ஆணை ஒன்றில் சில சிக்கல்கள் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்கிறார். யென் யீ பதில் சொல்லவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. பிறகு வேறு ஏதோ விஷயத்தில் அவர் மேல் புகார் வருகிறது. விசாரணை ஜாங் தாங் என்கிற உயர் அதிகாரியிடம் போகிறது. இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. ஜாங் தாங் தீர்ப்பு எழுதுகிறார்: அமைச்சர் பதவியில் இருப்பவர், ஆணை சரியில்லை என்று கண்டால் அவையில் வந்து சொல்ல வேண்டும், சொல்லாமல் வயிற்றுக்குள் பழித்திருக்கிறார், ஆகவே மரணம்.

அட, உதடுதானே அசைந்தது? அதற்கா தலை போகும்? போயிற்று. அன்றிலிருந்து அது சட்ட முன்மாதிரியாகவே ஆனது. அமைச்சர்கள் பெரும்பாலும் முகஸ்துதிக்காரர்கள் ஆனார்கள் என்று எழுதிவைத்தவர் அதே அவையில் இருந்த வரலாற்றாசிரியர் சிமா சியென்.

கொடுங்கோலன் என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடலாம். அதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு மௌனத்தைக் குற்றமாக மாற்ற அந்த அரசுக்கு என்னென்ன வேண்டியிருந்தது என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

2

முதலில் பணம். வூ ஆண்டது கி.மு. 141 முதல் 87 வரை, 54 ஆண்டுகள். பட்டத்துக்கு வந்தபோது வயது 15. முன்னோர் சேர்த்துவைத்த கருவூலத்தில், காசு கோத்த சரடுகள் இற்றுப்போய் எண்ண முடியாதபடி கிடந்தனவாம். வடக்கே புல்வெளியில் ஷியோங்நூ என்ற நாடோடிக் குதிரைவீரர்கள். அவர்களுக்குப் பட்டும் தானியமும் பெண்ணும் கொடுத்து அமைதி வாங்கிக்கொண்டிருந்த பழைய ஏற்பாட்டை வூ முறித்தார். கி.மு. 119 படையெடுப்பில் எல்லையைத் தாண்டிய குதிரைகள் 1,40,000. திரும்பியவை 30,000க்கும் குறைவு. அதற்குப் பெயர் வெற்றி.

வெற்றிக்குக் காசு கட்ட வேண்டுமே. உப்பும் இரும்பும் அரசின் ஏகபோகமாயின. வணிகர்களின் சொத்துக்கு வரி. கணக்கை மறைத்தவனைக் காட்டிக்கொடுத்தால், பறிமுதலாகும் சொத்தில் பாதி காட்டிக்கொடுத்தவனுக்கு. நடுத்தர வசதிக்கு மேலிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படிக் காட்டிக்கொடுக்கப்பட்டன. ஏகபோகத்தின் மூளையாக இருந்த சாங் ஹோங்யாங், மனக்கணக்கில் கெட்டிக்காரனான ஒரு வணிகரின் மகன். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வணிகர்களை உறிஞ்சுவதற்கு வணிகர் வீட்டுப் பிள்ளையே தேவைப்பட்டான்.

இந்த வரிசையில் வந்ததுதான் மான்தோல் பணம். அரண்மனைத் தோட்டத்தில் இருந்த வெள்ளை மான்களின் தோலை ஓரடிச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் பூவேலை செய்து, ஒன்றின் மதிப்பு 4,00,000 காசு என்று அறிவித்தார்கள். அரசரைக் காண வரும் இளவரசர்களும் பிரபுக்களும் காணிக்கையான பச்சைக்கல் வட்டை இந்தத் தோலின் மேல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதாவது முதலில் தோலை வாங்கியாக வேண்டும். மானோ அரசரிடம் மட்டும்தான் இருக்கிறது.

யென் யீயிடம் கருத்துக் கேட்டார்கள். கல்லின் விலை சில ஆயிரம், அதற்கு அடியில் விரிக்கிற தோலுக்கு நாலு லட்சமா, இரண்டுக்கும் பொருத்தமில்லையே என்றார். கணக்குத் தெரிந்த எவரும் கேட்கக்கூடியதுதான். அரசருக்குப் பிடிக்கவில்லை. உதடு அசைந்த கதை இதற்குப் பிறகுதான் வருகிறது.

என் வாசிப்பில் இந்த வரிசை முக்கியமானது. ஒரு துண்டுத் தோல் நாலு லட்சம் பெறுவது எல்லோரும் பெறும் என்று தலையாட்டுகிற வரைக்கும்தான். கருவூலத்துக்குப் பொறுப்பானவர் முகத்தைச் சுளித்தால் அதுவே மதிப்பிறக்கம். ஆகவே எதிர்த்துப் பேசாமல் இருந்தால் போதும் என்று அந்த அரசு நினைக்க முடியாது. ஒப்புதல் முகத்தில் தெரிய வேண்டும்.

3

இரண்டாவது, அலுவலகம். ஹான் ஆட்சியில் சட்டப்படி பேரரசருக்கு அடுத்தவர் முதன்மை அமைச்சர். அவரும் அவருக்குக் கீழிருந்த அமைச்சர்களும் வெளி அவை. வூ தன் அந்தரங்கச் செயலர்கள், மெய்க்காவலர்கள், மனைவி வழி உறவினர்கள், அரண்மனை அலிகள் ஆகியோரை வைத்து ஓர் உள் அவையை வளர்த்தெடுத்தார். மனுக்கள் அங்கே போயின, முடிவுகள் அங்கிருந்து வந்தன. வெளி அவைக்கு மிச்சமிருந்தது பொறுப்பு மட்டும். கி.மு. 121க்குப் பிறகு அடுத்தடுத்து முதன்மை அமைச்சரான ஆறு பேரில் இயற்கையாகச் செத்தவர் ஒருவர். மூவர் தற்கொலை, ஒருவர் சிறையில் சாவு, ஒருவர் கொலைத்தண்டனை. கி.மு. 103இல் கோங்சுன் ஹெ என்பவருக்கு இந்தப் பதவியைக் கொடுத்தபோது, வேண்டாம் என்று அவர் தரையில் விழுந்து அழுதார். அரசர் எழுந்து போய்விட்டார். வேறு வழியில்லாமல் முத்திரையை வாங்கிக்கொண்டார். சிறையில் செத்தவர் இவர்தான்.

யாருமே எதிர்த்துப் பேசவில்லையா என்றால், பேசியவர் உண்டு. ஜி ஆன் என்ற அதிகாரி, உங்களுக்கு உள்ளே ஆசை நிறைய, வெளியேதான் அறம் பேசுகிறீர்கள் என்ற பொருளில் அரசரின் முகத்துக்கு நேரே சொன்னார். அரசர் முகம் மாறி அவையைக் கலைத்தார், ஆனால் ஜி ஆன் தலை தப்பியது. பின்னால் தொலைதூர மாவட்டம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். வெளிப்படையாகப் பேசுகிற ஓர் ஆளை வைத்துக்கொள்வது அவைக்கு அழகு. அவர் என்ன நினைக்கிறார் என்று தேட வேண்டியதில்லை. பிரச்சினை பேசாதவர்களிடம்தான்.

மூன்றாவதாக வேண்டியிருந்தது ஒரு வாசிப்பு முறை. தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது இதுதான். கன்பூசிய மூலநூல்களுக்கு அரசு மரியாதை கிடைத்தது வூ காலத்தில். கி.மு. 136இல் ஐந்து நூல்களுக்கும் அரசு ஆசிரியர் பதவிகள் ஏற்பட்டன. அவற்றில் ஒன்றான 'வசந்தமும் இலையுதிர்காலமும்' வெறும் ஆண்டுக்குறிப்பு. அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் சொல் விடுபட்ட இடத்துக்கும் அடியில் ஆசிரியரின் பாராட்டோ கண்டனமோ ஒளிந்திருக்கிறது என்று உரை சொல்வது ஒரு மரபு. அந்த உரைமரபின் பெரிய அறிஞர் தோங் ஜோங்ஷு. செயலுக்குப் பின்னால் உள்ள எண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்பதும் இந்த மரபின் பாடம். ஜாங் தாங் என்ன செய்தார் தெரியுமா? பெரிய வழக்குகளில் பழைய நூல்களை மேற்கோள் காட்ட வசதியாக, இந்த நூல்களைப் படித்த மாணவர்களைத் தன் அலுவலகத்தில் எழுத்தர்களாகச் சேர்த்துக்கொண்டார். விடுபட்ட சொல்லில் கண்டனம் தேடப் பழகிய கண்ணுக்கு, அசைந்த உதட்டில் கண்டனம் தேடுவது அந்நியமான வேலையா? உரையாசிரியரின் நுட்பம் விசாரணை அதிகாரியின் நுட்பமாக மாற அதிக தூரம் இல்லை.

தோங் ஜோங்ஷுவே இதில் மாட்டிக்கொண்டார். கி.மு. 135இல் அரச கோயில் ஒன்று தீப்பிடித்தது. அதற்கு வானம் சொல்லும் பொருள் என்ன என்று ஒரு வரைவு எழுதி வீட்டில் வைத்திருந்தார். அரசரிடம் கொடுக்கவில்லை. பார்க்க வந்த ஒருவர் அதைத் திருடிக்கொண்டுபோய் அரசரிடம் கொடுத்தார். அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார்கள். தோங்கின் மாணவர் ஒருவரே, தன் ஆசிரியர் எழுதியது என்று தெரியாமல், வடிகட்டின முட்டாள்தனம் என்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு மன்னிக்கப்பட்டார். அதன்பின் சகுனங்களைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

4

இதையெல்லாம் எழுதிய சிமா சியெனுக்கு நேர்ந்தது பலருக்கும் தெரிந்த கதைதான். கி.மு. 99இல் லீ லிங் என்ற தளபதி 5,000 காலாட்படையோடு புல்வெளிக்குள் போய், பெரும் படையால் சூழப்பட்டு, சரணடைந்தார். அவையே அவரைத் தூற்றியது. அரசர் சிமா சியெனைக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டதற்கு அவர் பதில் சொன்னார்: லீ லிங் நல்ல வீரன், முடிந்தவரை போராடினான். இதற்கு வேறு பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் போரில் தலைமைத் தளபதி லீ குவாங்லி, அரசரின் காதல் மனைவியாக இருந்தவரின் அண்ணன். லீ லிங்கைப் புகழ்வது லீ குவாங்லியை இகழ்வது, அதுவே அரசரை ஏமாற்றுவது. தண்டனை மரணம். பணம் கட்டி மீளலாம், பணம் இல்லை. விதையறுப்பை ஏற்றுக்கொண்டால் உயிர் மிஞ்சும். எழுதி முடிக்க வேண்டிய புத்தகம் பாதியில் கிடந்தது. ஏற்றுக்கொண்டார். பிறகு உள் அவையில் அலிகளுக்கு உரிய செயலர் பதவியில் அமர்த்தப்பட்டார். அவரைச் சிதைத்த அதிகாரமே அவரைத் தன் மையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

ஏன் சாகாமல் இருந்தேன் என்று அவர் விளக்கம் எழுதியது ரென் ஆன் என்ற நண்பருக்கு. கி.மு. 91இல் சூனிய பொம்மை விவகாரம் வெடித்தது. அரசரின் நோய்க்குக் காரணம் மண்ணில் புதைத்த மரப்பொம்மைகள் என்று ஜியாங் சோங் என்ற அதிகாரி தோண்டிக்கொண்டே போய்ப் பட்டத்து இளவரசரின் மாளிகை வரை வந்தார். இளவரசர் அவரைக் கொன்றுவிட்டு ஆயுதம் எடுத்தார். தலைநகர் சாங்-ஆன் தெருக்களில் ஐந்து நாள் சண்டை. இளவரசரும் அவர் தாயான பட்டத்தரசி வெய்யும் தற்கொலை செய்துகொண்டார்கள். இந்த விவகாரத்தில் செத்தவர்கள் பல்லாயிரம். ரென் ஆனிடம் அப்போது ஒரு படைப்பிரிவு இருந்தது. இளவரசரின் ஆணையை வாங்கிக்கொண்டார், ஆனால் வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார். எந்தப் பக்கமும் சேரவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்த இரண்டு மனசுக்காரன் என்று சொல்லி அவரை இடுப்போடு வெட்டினார்கள்.

கேட்டபோது பேசியவருக்கு விதையறுப்பு. பேசாமல் இருந்த நண்பருக்குச் சாவு. மௌனம் பாதுகாப்பானது என்று நம்மில் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வூவின் அவை அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை.

5

சிமா சியெனின் நூலில் 130 அத்தியாயங்கள். வூவின் ஆட்சிக்கென்று எழுதப்பட்ட அத்தியாயம் தொலைந்துபோயிற்று. இப்போது அந்த இடத்தில் இருப்பது, வேள்விகள் பற்றிய வேறொரு அத்தியாயத்திலிருந்து வெட்டி ஒட்டியது. அரசர் படித்துப் பார்த்துக் கோபத்தில் கிழித்துப்போட்டார் என்று ஒரு பழங்கதை. கதையை விடுங்கள். அந்த ஓர் அத்தியாயம் போனதால் நமக்கு வூ தெரியாமல் போகவில்லை. மான்தோல் பொருளாதார அத்தியாயத்தில் இருக்கிறது. ஜாங் தாங் கொடிய அதிகாரிகளின் அத்தியாயத்தில் இருக்கிறார். வாழ்க்கை வரலாறுகளில் மிச்சம். கண்டனம் எந்த ஓர் இடத்திலும் குவிந்திருக்கவில்லை என்பதால் எந்த ஓர் இடத்தைக் கிழித்தும் அதை எடுக்க முடியாது.

சிமா சியென் நடுநிலையாளர் என்று நான் சொல்ல வரவில்லை. காயம்பட்ட மனிதர் அவர். ஆனாலும் ஜாங் தாங் செத்தபோது வீட்டில் சம்பளமும் அரசர் கொடுத்த பரிசும் தவிர வேறு சொத்து இல்லை என்பதையும், உடலை மாட்டுவண்டியில் வைத்துப் புறப்பேழை இல்லாமல் புதைத்தார்கள் என்பதையும் அவர்தான் எழுதியிருக்கிறார். லஞ்சம் வாங்காத ஆள்தான் வயிற்று நிந்தனைக்குத் தீர்ப்பு எழுதினார். இது வசதியான உண்மை இல்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை.

கடைசியாக ஒன்று. யென் யீ வயிற்றுக்குள் என்ன நினைத்தார் என்று சிமா சியென் சொல்லவே இல்லை. பழித்தாரா, சலித்துக்கொண்டாரா, ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டாரா? உதடு அசைந்தது என்று எழுதி நிறுத்திவிட்டார். அதற்குள் ஒரு பொருளைப் போட்டவர் ஜாங் தாங் மட்டும்தான். பிரதியின் மௌனத்தை வாசிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் நாம். ஒரு கதை எதைச் சொல்லவில்லை, ஒரு கவிஞர் எந்தப் போராட்டத்தில் பேசவில்லை என்று பட்டியல் போடுகிறோம். அந்த வாசிப்பு தேவை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆதிக்கம் மறைத்ததை வேறெப்படி வெளியே எடுப்பது? ஆனால் அதிகாரத்தின் மௌனத்தைத் துருவுவதும், அதிகாரத்துக்கு முன்னால் நிற்கிற ஒருவரின் உதட்டைத் துருவுவதும் ஒரே வேலை அல்ல. அடுத்த முறை ஓர் எழுத்தாளரின் மௌனத்துக்கு நாம் பொருள் எழுதும்போது, அவர் யாருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது.